சிம்மக்கல் மாடி வகுப்பு: வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறேன். மீனாட்சியம்மன் கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் சாவியும் வைஃபை பாஸ்வேர்டும் கொடுத்த பிறகு பேச்சு ஓடாது. அதற்காகவே சிம்மக்கல்லில் மாடியில் நடக்கும் இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். கொடுத்த காசுக்கு மேலேயே சொல்லித் தருகிறார்கள்.

'காசிப்' பற்றி நடத்திய வகுப்பைச் சொன்னாலே போதும். நாங்கள் எல்லோரும் அதற்கு அரட்டை என்றுதான் அர்த்தம் வைத்திருந்தோம். மேடம் என்னையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். "204-ல இருக்கிறவர் தினமும் ராத்திரி லேட்டா வர்றாரே, என்ன விஷயம்னு நீங்களும் ரூம்பாயும் பேசுனா அது காசிப். அவர்கிட்டயே, 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, கோயில்ல கூட்டமா'ன்னு கேட்டா ஸ்மால் டாக். பழகினவரோட உட்கார்ந்து பேசுனா சாட்."

நம் பக்கம் புறணி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் காசிப். பேச்சைக் குறிக்கும்போது 'காசிப்ஸ்' என்று எஸ் சேர்க்கக் கூடாது. 'ஷீ இஸ் எ காசிப்' என்றால் அந்தப் பெண்ணே புறணி பேசுகிறவர் என்றாகிவிடும். சுங்குடிக் கடை அக்கா இதைத் திரும்பத் திரும்பக் கேட்டும் மேடம் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'காட்ஸிப்'. 'காட்' கடவுள், 'ஸிப்' உறவு. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவரைக் குறித்தது. "எனக்கு எங்க அத்தைதான் ஞானத்தாய், மேடம்!" என்று ஞானஒளிவுபுரத்துத் தம்பி எழுந்தே விட்டான். பிறகு அது நெருங்கிய தோழிகளையும், பிரசவ நேரத்தில் கூட இருக்கும் பெண்களையும் குறித்து, 19-ஆம் நூற்றாண்டில்தான் பேச்சுக்கே பெயரானதாம்.

குறை என்றால், ஜன்னல் பக்கம் பஸ் ஹாரன் காதைப் பிளக்கிறது, முன்வரிசையில் இடம் பிடியுங்கள். ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல். போர்டைப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். கடை, ஓட்டல் வேலையில் இருப்பவர்கள் காலை பேட்ச் கேளுங்கள். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், நம் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.