குன்னூரில் ‘மாட் பேக்’ போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கணினியைக் கொடுக்கும் முன்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா மகன் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் முறையாகக் காசு கொடுத்து ‘ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்’ விளையாட்டை வாங்கி வைத்திருந்தான். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் இணைய வேகத்தில் பெரிய மாட்களை (விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் கோப்புகளை) பதிவிறக்குவது எளிதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் சேர்ந்து போய்விடும். ஹார்டு டிஸ்கில் எல்லாம் தயாராக இருப்பதாகச் சொன்ன குன்னூர் கடை ஒன்று, முந்நூறு மாட்கள் கொண்ட ‘பேக்’கை நிறுவித் தருவதற்கு அவனிடம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டது.

கணினி திரும்பி வந்தபோது, விளையாட்டை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி மறைந்த கையோடு விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. கேட்டதற்குக் கடைக்காரர், “கிராபிக்ஸ் கார்டு பத்தாது சார், மாத்திடுங்க” என்று சொல்லிப் புதுக் கார்டுக்கு விலையும் சொன்னார். கார்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒரு மாட் வேறொரு மாட்டின் கோப்பைத் தாய்க்கோப்பாக, அதாவது தான் இயங்கத் தேவையான கோப்பாகக் கொண்டிருக்கும்போது அந்தத் தாய்க்கோப்பு இல்லாவிட்டால், முதன்மைத் திரை வருவதற்குள்ளேயே விளையாட்டு விழுந்துவிடும் என்பது ஸ்கைரிமில் நெடுங்காலமாக எல்லோரும் அறிந்த கோளாறு. இதைக் கண்டுபிடிக்க லூட் என்னும் இலவசக் கருவியே போதும். எந்தக் கோப்புக்கு எது குறைகிறது என்பதைப் பெயருடன் காட்டிவிடும்.

எங்களுக்குக் காட்டியது. ஆனால் சரிசெய்ய முடியவில்லை; நான் எச்சரிக்க விரும்புவதும் முக்கியமாக இதைப் பற்றித்தான். கடையில் மாட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘மாட் மேலாளர்’ நிரல் எதையும் பயன்படுத்தாமல், எல்லாக் கோப்புகளையும் விளையாட்டின் ‘டேட்டா’ கோப்புறைக்குள் நேரடியாகக் கொட்டியிருந்தார்கள். இரண்டு மாட்களில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். எது எதை அழித்தது என்பதற்கு எந்தப் பதிவும் மிஞ்சாது. மாட் ஆர்கனைசர் 2 என்ற மேலாளர் ஒவ்வொரு மாட்டையும் தனிக் கோப்புறையில் வைத்து, விளையாட்டு ஓடும்போது மட்டும் அவை ‘டேட்டா’வில் இருப்பதுபோலக் காட்டும். வோர்டெக்ஸ் என்ற மற்றொரு மேலாளரும் மாட்களைத் தனி இடத்தில் வைத்துக்கொண்டு அங்கிருந்து இணைப்பு கொடுக்கும். இரண்டிலும் வேண்டாததை ஒரு சொடுக்கில் விலக்கலாம். கடைக்காரர் செய்த வேலையில் விலக்குவதற்கு வழியே இல்லை. போட்ட மாட்களின் பட்டியலைக் கேட்டபோது, “அது எங்க செட்டிங், வெளியே தர மாட்டோம்” என்றார். பட்டியல் நம் கையில் இல்லாதவரை ஒவ்வொரு கோளாறுக்கும் அவரிடமே போய்ப் பணம் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

முழுவதையும் அழித்துவிட்டு ஸ்டீமிலிருந்து மறுபடி இறக்கிய பிறகு, அவர் கொடுத்த எஸ்.கே.எஸ்.இ. என்ற, பல மாட்கள் இயங்கத் தேவைப்படும் துணை நிரலை மட்டும் தனியே சோதித்தோம். விளையாட்டின் பதிப்பு பொருந்தவில்லை என்று அதுவும் ஓட மறுத்தது. 2021 நவம்பரில் ஸ்கைரிமின் ஆனிவர்சரி எடிஷன் வந்தபோது விளையாட்டு 1.5.97 என்ற பதிப்பிலிருந்து 1.6 வரிசைக்கு மாறியது. பழைய பதிப்புக்கென எழுதப்பட்ட எஸ்.கே.எஸ்.இ.யும் அதைச் சார்ந்த பல மாட்களும் அப்போதே பயனற்றுப் போயின. அந்த ஹார்டு டிஸ்கில் இருந்தது அந்தப் பழைய சரக்கு.

முந்நூறு என்ற எண்ணைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். ஸ்கைரிம் ஒரே நேரத்தில் 254 முழு அளவுச் செருகுகோப்புகளையே (மாட்களை விளையாட்டோடு இணைக்கும் கோப்புகளையே) ஏற்கும். இலகுவகைக் கோப்புகளுக்குத் தனிக் கணக்கு உண்டு என்றாலும், எது எந்த வகை என்று பார்க்காமல் கொட்டியவருக்கு அந்தக் கணக்கு இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதையெல்லாம்விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் டி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார்கள். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் என்ற வேறொரு விளையாட்டின் மாட்களுக்குள் புகுந்து பரவிய ‘ஃபிராக்சரைசர்’ என்ற தீநிரல், உலாவியில் சேமித்திருந்த உள்நுழைவுத் தகவல்களைத் திருடியது; பெயர்பெற்ற தளங்களிலிருந்து இறக்கிய கோப்புகளிலேயே அது இருந்தது. அப்படியிருக்க, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கோப்புகளுக்காகக் காவலை எடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கணினியைத் திருப்பிக் கொடுத்ததைக் கவனக்குறைவு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. கடையில் கொடுத்து வாங்கிய கணினி உங்களிடம் இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் அந்த விலக்குப் பட்டியலை இன்றே திறந்து பாருங்கள்.

பணம் திரும்பவில்லை. ரசீது கேட்டால் தருவதில்லை என்பதால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பது பணம் அனுப்பிய ஜிபே பதிவு மட்டுமே. இத்தனைக்கும், பெதஸ்டா தானே விலைக்கு விற்கும் சில படைப்புகள் நீங்கலாக, மாட்களைப் பகிர்வதற்கான நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் உள்ள ஸ்கைரிம் மாட்களை யார் வேண்டுமானாலும் இலவசக் கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான மாட்களை அவற்றை உருவாக்கியவர்களின் அனுமதியின்றி மற்றவர் விநியோகிக்கவும் கூடாது.

இணையம்தான் தடை என்றால், கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளையோ உறவினரோ இருந்தால், அங்கு போகும்போது உங்கள் கணக்கிலேயே மாட்களின் சுருக்கக் கோப்புகளை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்துவிடலாம். மாட் ஆர்கனைசர் அவற்றை இணையம் இல்லாமலே நிறுவும். முதலில் விளையாட்டின் பதிப்புக்கு உரிய எஸ்.கே.எஸ்.இ.யை நிறுவி, அது ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து எஸ்.கே.எஸ்.இ. சார்ந்த பல மாட்களுக்குத் தேவைப்படும் அட்ரஸ் லைப்ரரி, அதன்பின் விளையாட்டின் பட்டியல் திரைகளை மாற்றும் ஸ்கைஇயூஐ. ஒவ்வொன்றையும் சேர்த்தபின் விளையாட்டைத் திறந்து பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். மாட்டின் பக்கத்தில் ‘தேவைகள்’ என்ற பகுதியைப் படித்து, அதில் சொல்லியிருப்பதையும் சேர்த்தே இறக்கி வாருங்கள். இல்லையென்றால் விட்டுப்போன ஒரு சிறு கோப்புக்காக மறுபடி மலையிறங்க வேண்டியிருக்கும்.