வைரஸ் வகைப்பாட்டுச் சுவர் சார்ட்: நாலாவது கட்டத்துக்காக வாங்கலாம்

எங்கள் மைக்ரோபயாலஜி லேபில் மாட்ட ஆன்லைனில் வாங்கியது, லேமினேஷனோடு 350 ரூபாய். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

1971-ல் டேவிட் பால்டிமோர் என்ற விஞ்ஞானி, வைரஸின் மரபுப்பொருள் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய செல் படிக்கும் செய்தி) ஆகும் வழியை வைத்துப் போட்ட பிரிவுகளின்படி கட்டம் கட்டியிருக்கிறார்கள். நாலாவது கட்டம், அதாவது பாசிட்டிவ் ஸ்ட்ராண்ட் ஆர்என்ஏ வைரஸ்கள், அருமை. செல்லுக்குள் வந்த ஆர்என்ஏவை, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் அப்படியே எம்ஆர்என்ஏவாகப் படித்துப் புரதம் செய்கிறது, அந்தப் புரதங்களில் ஒன்றுதான் நகலெடுக்கிற பாலிமரேஸ், அதனால் ரேபிஸ், தட்டம்மை மாதிரி, ரைபோசோம் நேராகப் படிக்க முடியாத ஆர்என்ஏ கொண்ட நெகட்டிவ் ஆட்களைப் போல நொதியைச் சுமந்துகொண்டு வரவேண்டிய அவசியம் இவற்றுக்கு இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டார்கள். நகலெடுப்பு செல்லின் சவ்வுகளை ஒட்டியே நடக்கும் என்பதும் உண்டு: டெங்கு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உள்சவ்வு வலையில் குழிகள் உண்டாக்குகிறது, கொரோனா இரட்டைச் சவ்வுப் பைகளைக் கட்டிக்கொள்கிறது.

ஜீனோம் நீளத்தைப் பட்டைகளாக வரைந்ததும் நல்ல யோசனை. போலியோ சுமார் 7,500 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் 'எழுத்து'), டெங்கு 10,700, கொரோனா கிட்டத்தட்ட 30,000. கொரோனா பட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பிழை திருத்தும் நொதி உண்டு' என்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவு நீளமான ஆர்என்ஏவை அது கட்டிக்காப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான், இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

இப்போது குறைகள். நோய்ப் பட்டியல் என்று கீழே ஒரு பெட்டி, அதில் ஹெபடைடிஸ் ஏ முதல் ஈ வரை ஐந்தும் ஒரே நிறத்தில்! ஏ, சி, ஈ மூன்றுதான் பாசிட்டிவ் ஸ்ட்ராண்ட், அவையும் மூன்று வேறு குடும்பங்கள். பி டிஎன்ஏ வைரஸ், டி நெகட்டிவ். கல்லீரலைத் தாக்குகிறது என்பதற்காக எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிடாது. ரூபெல்லாவை இன்னும் சிக்குன்குனியாவோடு டோகாவிரிடே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள், அது மட்டோனாவிரிடே என்று தனிக்குடித்தனம் போய் வருஷக்கணக்காகிறது. எச்ஐவியை ஆறாவது கட்டத்தில் வைத்தது சரிதான், ஆனால் அதன் ஆர்என்ஏவும் பாசிட்டிவ்தானே என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அது ரைபோசோமுக்கு நேராகப் போகாமல் முதலில் டிஎன்ஏவாக மாறுகிறது என்று ஒரு வரி போட இடமா இல்லை?

வைரஸ்களை வகைப்படுத்தும் சர்வதேசக் குழுவான ஐசிடிவி இந்தப் பாசிட்டிவ் ஸ்ட்ராண்ட் வைரஸ்களைப் பெரும்பாலும் பிசுவிரிகோட்டா, கிட்ரினோவிரிகோட்டா, லெனார்விரிகோட்டா என்ற மூன்று தொகுதிகளில் வைத்திருப்பது சார்ட்டில் சுத்தமாக இல்லை. போலியோவும் கொரோனாவும் முதலாவதில், டெங்கு போய் புகையிலை மொசைக் வைரஸோடு இரண்டாவதில், ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் எம்எஸ்2 வைரஸ் மூன்றாவதில். பாலிமரேஸின் உறவைப் பார்த்துப் பிரித்தது இது, படமாகப் போட்டிருந்தால் பிள்ளைகள் நின்று பார்த்திருப்பார்கள்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். பிளஸ் டூவுக்கு இதுவே அதிகம். எம்எஸ்சிக்கு வாங்குகிறவர்கள் ஹெபடைடிஸ் பெட்டி மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு மாட்டுங்கள், மார்க்கர் லேமினேஷனில் நிற்பதில்லை.