மீண்டும் மீண்டும் கழலும் தோள்: பாங்கார்ட்டா, லாட்டார்ஷேயா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ரக்பி ஆடும் பையனுக்கு மூன்றாவது முறையாகத் தோள் கழன்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கீஹோலா (சிறு துளை வழியே செய்வதா), கிழித்துச் செய்வதா?" என்பதுதான். இதில் தழும்பின் நீளத்துக்குப் பெரிய பங்கு இல்லை. மேற்கை எலும்பின் பந்துபோன்ற தலை அமரும் தோள் கிண்ணத்தில் எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிய்ந்த விளிம்பைத் தைக்கும் பாங்கார்ட்டா, எலும்புத் துண்டு வைக்கும் லாட்டார்ஷேயா என்பதை முடிவு செய்வது அதுதான்.

தோள் முன்பக்கமாகக் கழலும்போது இரண்டு இடங்களில் சேதம் நேர்கிறது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற விளிம்பு, முன்பக்கக் கீழ்ப்பகுதியில் பிய்ந்துவிடும். இது பாங்கார்ட் காயம். கிண்ண விளிம்பில் மோதுவதால் பந்தின் பின்பக்கத்திலும் ஒரு பள்ளம் விழும். அது ஹில்-சாக்ஸ் பள்ளம். ஒவ்வொரு முறை கழலும்போதும் கிண்ணத்தின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தேயும். நல்ல கிண்ணம் மேலே குறுகி, கீழே அகன்ற பேரிக்காய் போல இருக்கும். நிறையத் தேய்ந்துவிட்டால் அது தலைகீழ்ப் பேரிக்காய்.

கீஹோல் பாங்கார்ட் பிய்ந்த விளிம்பைத் திரும்பத் தைக்கும் சிகிச்சை. விளிம்பை எலும்பிலிருந்து முழுதாக விடுவித்து, எலும்பை ரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டி, நூல் கோத்த ஆங்கர்களை (எலும்பில் பதிக்கும் சிறு ஆணிகளை) இறக்கி இழுத்துக் கட்டுவார்கள். மூன்று ஆங்கர்களோடு நிறுத்துவது சிக்கனம் அல்ல, நான்கு வேண்டும். வலது தோளைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் மிகக் கீழே உள்ள ஆங்கர் ஐந்தரை மணி இடத்தில் இருக்க வேண்டும். அது மூன்று மணிப் பக்கம் ஏறிவிட்டால் மூட்டைச் சுற்றிய உறையின் கீழ்ப்பை தளர்ந்தே கிடக்கும், தோள் திரும்பவும் கழலும்.

இந்தச் சிகிச்சையின் எல்லையைக் காட்டிய ஆய்வில் நம் தென்னாப்பிரிக்காவுக்கும் பங்கு உண்டு. கேப்டவுனின் ஜோ டி பீரும் அமெரிக்காவின் பர்க்ஹார்ட்டும் 194 கீஹோல் பாங்கார்ட் சிகிச்சைகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள். பெரிய எலும்புச் சேதம் இல்லாதவர்களில் 4 சதவீதத்தினருக்கே தோள் திரும்பவும் நிலைகுலைந்தது. சேதம் இருந்தவர்களில் அது 67 சதவீதம். மோதி ஆடும் விளையாட்டுக்காரர்களை மட்டும் எடுத்தால், சேதம் இருந்தவர்களில் 89 சதவீதம். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இல்லாத எலும்புக்கு அது ஈடாகாது.

ஆகவே எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது, முப்பரிமாண சி.டி.யும் தேவை. இரண்டு தோளையும் எடுத்தால் நல்ல பக்கத்தோடு ஒப்பிடலாம். கணக்கு எளிதுதான். கிண்ணத்தின் இயல்பான அகலம் 28 மி.மீ., தேய்ந்தது 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 83 சதவீதம் 23.2, அதில் 4 போனால் 19.2 மி.மீ. பந்து உருளும் தடத்தின் அகலம் இது. பந்தில் தசைநார் ஒட்டும் இடத்திலிருந்து ஹில்-சாக்ஸ் பள்ளத்தின் உள்விளிம்பு வரை 21 மி.மீ. இருந்தால் பள்ளம் தடத்தைத் தாண்டிவிட்டது. கையை உயர்த்தி வெளியே திருப்பும்போது அது கிண்ண விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

இந்தத் தோளில் தேய்மானம் 14 சதவீதம்தான். 25 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் பாங்கார்ட்டோடு ரெம்ப்ளிசாஜ் சேர்த்துச் செய்யலாம் என்பது பாடநூல் விடை. பந்தின் பள்ளத்துக்குள் பின்பக்கத் தசைநாரைத் தைத்து அடைப்பதுதான் ரெம்ப்ளிசாஜ். கை வெளிப்பக்கம் திரும்புவது சில டிகிரி குறையும். கணக்கு எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது, வேகப்பந்து வீசுபவருக்கு உறுத்தும்.

ஆனால் இதே தோள் 19 வயது ரக்பி வீரருடையது என்றால் எங்கள் கை லாட்டார்ஷே பக்கம்தான் போகும். பாங்கார்ட் தோற்கும் ஆபத்தை அளக்கும் பிரெஞ்சு மருத்துவர் போலோவின் மதிப்பெண் முறையில் 20 வயதுக்கு மேற்படாததற்கு 2, போட்டி விளையாட்டுக்கு 2, மோதல் விளையாட்டுக்கு 1, சாதாரண எக்ஸ்ரேயிலேயே பள்ளம் தெரிந்தால் 2. மொத்தம் 7. ஆறைத் தாண்டியவர்களுக்குக் கீஹோல் பாங்கார்ட் மட்டும் செய்தபோது 70 சதவீதம் திரும்பக் கழன்றது என்பதே அந்த முறையை வகுத்த 2007 ஆய்வின் முடிவு.

லாட்டார்ஷேயில் தோளின் முன்னால் கொக்கிபோல் நீளும் கோரகாய்ட் எலும்பை, ஒட்டியிருக்கும் தசைநாரோடு இரண்டு, இரண்டரை செ.மீ. அறுத்தெடுப்பார்கள். முன்தசையைக் குறுக்கே வெட்டாமல் நார்வாக்கில் பிளந்து, அதன் வழியே துண்டைக் கிண்ணத்தின் முன்விளிம்பில் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுவார்கள். எலும்பு கிண்ணத்தை அகலமாக்கும். கையைத் தூக்கும்போது தசைநார் பந்தின் முன்னால் தூளிபோல் இறுகித் தடுக்கும்.

தவறு நேர்வது பெரும்பாலும் மி.மீ. கணக்கில்தான். துண்டு வெளியே துருத்தினால் பந்தைத் தேய்த்துத் தேய்த்து மூட்டுவாதம் வரும், அதிகம் உள்ளே போனால் தடுக்காது. ஸ்க்ரூ நீளமானால் பின்னால் உள்ள நரம்பில் படலாம். தசைநாருக்குள் நுழையும் நரம்பு இழுபட்டால் முழங்கையை மடக்கும் பலம் குறையும், முன்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் தணிந்ததும் இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். புகைப்பவருக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும்.

கோரகாய்ட் நுனியை மட்டும் எடுக்கும் பிரிஸ்டோ முறையும் உண்டு. கேப்டவுன் மருத்துவர் ஆர்தர் ஹெல்ஃபெட் 1958இல் தம் ஆசிரியர் பெயரில் வெளியிட்டது அது. துண்டு சிறியது என்பதால் பெரிய தேய்மானத்துக்கு நாங்கள் அதைத் தேர்வதில்லை. இடுப்பெலும்புத் துண்டு வைப்பது, லாட்டார்ஷே தோற்றவருக்கும் மிக அதிகமாகத் தேய்ந்தவருக்கும். முன்தசையை இறுக்கிக் குறுக்கும் பழைய புட்டி-பிளாட் இன்று வேண்டாம்.

பாங்கார்ட் தோற்றால் லாட்டார்ஷே செய்ய வழியுண்டு. லாட்டார்ஷே தோற்றால் உள்ளே எல்லாம் இடம் மாறியிருக்கும், அடுத்த சிகிச்சை கடினம். நாற்பதைத் தாண்டியவர் முதலில் சுழல் தசைநார் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்பு உள்ளவர் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தையலும் எந்த ஸ்க்ரூவும் தாங்காது.

பாங்கார்ட்டுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில், மோதல் ஆட்டம் ஆறு மாதம் கழித்தே. லாட்டார்ஷேக்குத் தொட்டில் இரண்டு முதல் நான்கு வாரம். மூன்று, நான்கு மாதத்தில் சி.டி. எடுத்து எலும்பு ஒட்டியதைப் பார்த்த பிறகே களம். ரக்பிப் பருவம் முடிந்து செப்டம்பரில் செய்துகொள்பவர்கள் தைப்பூசத்தை மறந்துவிடுகிறார்கள். காவடியைத் தோளில் ஏற்றி இரு கையாலும் பிடித்து ஆடும் நிலை, தோள் கழலுமா என்று மருத்துவர் சோதிக்கும் அதே நிலைதான். ஐந்து மாதம்கூட ஆகாத தோளுக்கு அது ஆகாது, நேர்த்திக்கடனைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கலாம்.

மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்புத் திட்டத்தில்) முன்அனுமதி கேட்கும்போது உடலுக்குள் வைக்கும் பொருளுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு ஆங்கர், ரெம்ப்ளிசாஜுக்கு இன்னும் இரண்டு என்று போனால் அந்த வரம்பு சீக்கிரம் தீரும். லாட்டார்ஷேக்கு வெறும் இரண்டு ஸ்க்ரூதான்.