‘ஹவ் டு ப்ரூ’ கையேட்டுடன் வீட்டில் பீர் தயாரித்த நான்கரை ஆண்டுகள்

லண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஹாமில், ஒரு வாடகை வீட்டின் சமையலறையில், 2020 நவம்பரில் முதன்முறையாகப் பீர் தயாரித்தேன். அன்றிலிருந்து ஐம்பத்து மூன்று முறை தயாரித்திருக்கிறேன். அவற்றில் ஆறு முறை முழுவதையும் சாக்கடையில் கொட்ட நேர்ந்தது. இத்தனைக்கும் எனக்கு இருந்த ஒரே ஆசிரியர் ஜான் பால்மர் எழுதிய ‘ஹவ் டு ப்ரூ’ என்ற கையேடுதான். 2000ஆம் ஆண்டில் அவர் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட முதல் பதிப்பைப் படித்துத் தொடங்கினேன். ஓராண்டு கழித்து, 2017இல் அச்சில் வந்த நான்காம் பதிப்பை வாங்கினேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவைப்பட்டது. அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். இன்று சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றித் தயாரிப்பதே குற்றம். ஆகவே இதை அங்கே யாரும் செய்துபார்க்க வேண்டாம். விஷயத்தைத் தொலைபேசியில் கேட்ட என் அம்மா, “லண்டனுக்குப் போய் சாராயம் காய்ச்சுறியாடா?” என்றார். பீரைக் காய்ச்சி வடிப்பதில்லை, மாவு புளிப்பதைப் போலப் புளிக்கவைப்பதுதான் என்று விளக்கியும் அவருக்குச் சமாதானமாகவில்லை.

நூலின் அமைப்பு தொடக்கநிலையாளருக்கு இசைவானது. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்துக் கெட்டியாக்கிய மால்ட் பாகை வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பது முதல் படி. தானியத்தையே வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரித்தெடுப்பதெல்லாம் பின்னால்தான் வருகிறது. இணையப் பதிப்பின் அளவுகள் அமெரிக்க காலனில் இருக்கின்றன என்பதைக் கவனிக்காமல், ஐந்து காலன் என்றதும் பிரிட்டிஷ் காலன் கணக்கில் 22.7 லிட்டர் தண்ணீர் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டியதோ 18.9 லிட்டர். சாற்றில் சர்க்கரை எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048 காட்ட வேண்டிய இடத்தில் 1.040 காட்டியது. சப்பென்று இருந்தாலும் அது பீராகத்தான் இருந்தது, நானும் நண்பர்களும் குடித்தும் தீர்த்தோம்.

இரண்டாவது முறைதான் உண்மையான பாடம் கிடைத்தது. கழுவுவது வேறு, கிருமிநீக்கம் செய்வது வேறு என்று பால்மர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்குவது முன்னது. கொதித்து ஆறிய சாற்றைத் தொடப்போகும் ஒவ்வொரு பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை ஒடுக்குவது பின்னது. இதைப் படித்தபோது எனக்குச் சற்று மிகையாகவே பட்டது. இட்லி மாவு புளிக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்குப் புளிக்கவைப்பது என்பது கையால் கரைத்து மூடிவைக்கும் வேலை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிவரும் நுண்ணுயிர்களே மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்தத் துணிச்சலில், மாவு கரைக்கும் நீளமான பிளாஸ்டிக் கரண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆறிய மால்ட் சாற்றைக் கலக்க எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வாளியைத் திறந்தால் மேலே வெண்ணிறத்தில் மெல்லிய ஏடு. நாக்கில் வைத்தால் மூன்றாம் நாள் மாவின் புளிப்பு. கரண்டியின் கீறல்களுக்குள் குடியிருந்த லாக்டோபாசில்லஸ் என்னும் புளிப்பு பாக்டீரியா தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது என்றே நினைக்கிறேன். பீரில் நாம் போடும் ஈஸ்டைத் தவிர வேறொன்றும் உள்ளே நுழையக் கூடாது என்பது அன்று முதல் விதியாயிற்று. ஸ்டார் சான் என்னும் அமிலக் கரைசலும், பீருக்கென்று மட்டும் ஒரு கரண்டியும் அலமாரியில் தனி இடம் பெற்றன.

அடுத்த ஓராண்டு முழுவதும் என்னை அலைக்கழித்தது தண்ணீர். பொன்னிறப் பீர் எதைச் செய்தாலும் அடித்தொண்டையில் மருந்து நெடி தங்கியது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “என்னப்பா இது, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி வாசம் வருது?” என்று கேட்டார். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாக மாறினால் வருவது அந்த வாசம். மிக நுண்ணிய அளவே போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். மாற்று மிகவும் மலிவு. கேம்ப்டன் எனும் சல்பைட் மாத்திரையில் பாதியைப் பொடித்து, சுமார் இருபது லிட்டர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் குளோரின் சிக்கல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. இவ்வளவும் நூலில் இருந்தது. வேதியியல் பாடம் போல் தெரிந்ததால் அந்தப் பகுதியைப் புரட்டித் தள்ளியவன் நான்தான்.

மருந்து நெடி போன பிறகும் பொன்னிறப் பீரில் ஒரு வறட்டுக் கசப்பு மிஞ்சியது. ஆனால் அதே தண்ணீரில் செய்த ஸ்டவுட் எனும் கறுப்புப் பீர் மட்டும் முதல் முறையே கடையில் வாங்கியது போல் அமைந்தது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். எங்கள் கெட்டிலின் அடியில் வாரத்துக்கொரு முறை வெள்ளைப் பொருக்கு படியும். அந்தத் தண்ணீரின் பைகார்பனேட், ஊறும் தானியத்தின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. கருக வறுத்த மால்ட்டுக்கு இயல்பிலேயே அமிலம் உண்டென்பதால் அது இந்தக் குறையை ஈடுகட்டி, ஊறலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பை 5.2 முதல் 5.6 வரையிலான எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. லண்டனும் டப்ளினும் கறுப்புப் பீருக்குப் பெயர்பெற்றதற்கும், ஜிப்சம் நிறைந்த நீருள்ள பர்ட்டன் அபான் டிரென்ட் நகரம் கசப்பான வெளிர்நிறப் பீருக்குப் பெயர்பெற்றதற்கும் இதுவே முக்கியக் காரணம். இதைப் படித்த அன்று கெட்டிலை எடுத்து அதன் அடியைச் சற்று மரியாதையோடு பார்த்தேன். இப்போது பொன்னிறப் பீருக்குக் கடைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, லாக்டிக் அமிலம் சில மில்லி சேர்க்கிறேன். ஸ்டவுட்டுக்குக் குழாய்த் தண்ணீரே போதும், மாத்திரை மட்டும் உண்டு.

வெப்பநிலையைப் பொறுத்தவரை நூல் சொல்வதை அப்படியே நம்பலாம். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டை வெளியிடுவதால், அறை 20 டிகிரி இருந்தாலும் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். 2022 ஜூலையில் லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்ட வாரத்தில் வாளியில் இருந்த பீர், பழுத்த வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த வாசத்தோடு தலைவலியையும் தந்தது. வாளியைத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் நிறுத்தி, பழைய பனியனை நனைத்துச் சுற்றிவிடுமாறு பால்மர் சொல்கிறார். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றிய நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு அது நூலைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

பாட்டில் வெடித்த கதையையும் மறைக்க விரும்பவில்லை. வாளியின் வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் என்னும் அடைப்பானில் குமிழி நின்றதும் நொதித்தல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, ஆறாம் நாளே நுரைக்காக லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தேன். உண்மையில் வாளியின் மூடி சரியாகப் பொருந்தாமல் காற்று ஓரத்தில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது, நொதித்தல் முடியவே இல்லை. பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் அலமாரியில் பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம், சில நொடிகளில் இன்னொன்று. காலையில் கதவைத் திறந்தபோது துவரம்பருப்பு டப்பாவின் மூடியில் ஒரு கண்ணாடிச் சில்லு செங்குத்தாகக் குத்தி நின்றது. அந்த அலமாரியைப் பகலில் ஒரு நாளைக்குப் பத்து முறை திறப்போம். குமிழியை நம்பாதே, ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடை என்பதை இனி யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

நான்காம் பதிப்பில் எனக்குப் பிடித்தது, ஆசிரியர் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. முதல் பதிப்பு, நொதித்தலின் நடுவில் பீரை இன்னொரு கலத்துக்கு மாற்றும் முறையைப் பரிந்துரைத்தது. புதியது, ஏல் எனப்படும் பீர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை என்கிறது. மாற்றாமல் விட்டதிலிருந்து எனக்குக் காற்றுப்பட்ட அட்டை வாசமும் குறைந்திருக்கிறது, வேலையும் குறைந்திருக்கிறது. பால்மர் உலோகவியல் படித்தவர் என்பதால் பாத்திர உலோகங்களைப் பற்றி எழுதும்போது அவருக்குத் தனி உற்சாகம். கொதித்த சாற்றை ஆறவைக்கும் செப்புச் சுருளின் கறுப்பை வினிகரால் போக்கலாம் என்கிறார். நான் புளியைத்தான் பயன்படுத்துகிறேன், பளபளக்கிறது.

குறையென்றால், நூல் தடிமனானது. நீர் பற்றிய பகுதியைக் கணக்குப் பயிற்சி இல்லாதவர் இரண்டு முறையாவது படிக்க வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகையும் தோட்டமும் உள்ள வீடு நூலின் மனத்தில் இருக்கிறது. நான்கு அடுப்புள்ள மின்சார அடுப்பில் இருபது லிட்டர் கொதிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாவதை நாமே கண்டறிய வேண்டும். நான் இப்போது பத்து லிட்டராகக் குறைத்துக்கொண்டேன். மாரிஸ் ஆட்டர் மால்ட்டும் கென்ட் மாவட்டத்து கோல்டிங்ஸ் ஹாப்ஸும் போட்ட, பிட்டர் எனும் சாதாரண ஆங்கிலக் கசப்புப் பீர், 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், 1.042இல் தொடங்கி 1.010இல் நின்று 4.2 விழுக்காடு ஆல்கஹால் தருகிறது. ஒரு பைன்ட் எனக்கு எழுபது பென்ஸ் அளவில் அடங்குகிறது. உபகரணச் செலவையும் கொட்டிய ஆறு முறையையும் சேர்த்தால் அந்தக் கணக்கை நான் வீட்டில் சொல்வதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் இணையத்திலுள்ள முதல் பதிப்பின் தொடக்க அத்தியாயங்களோடு இரண்டு முறை தயாரித்துப் பார்க்கலாம், காலன் கணக்கை மட்டும் லிட்டருக்கு மாற்றிக்கொண்டு. மூன்றாவது முறைக்கும் ஆர்வம் இருந்தால் நான்காம் பதிப்பை வாங்குங்கள். வாங்கியதும் தண்ணீர் பற்றிய பகுதியைத் திறங்கள். என் பிரதியில் அந்தப் பக்கங்கள்தான் மால்ட் பாகு சிந்தி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.