வேக அபராதத்தை எதிர்க்க ஒரு வக்கீல்: டாக்ஸிக்காரனின் மதிப்பீடு

பாபநாசம் பக்கம் என் டாக்ஸி 92-ல் போனதாக ஆயிரம் ரூபாய் இ-சலான் வந்தது. பின்சீட்டில் கும்பகோணம் போகிற பாட்டி; 60 தாண்டினாலே திட்டுகிறவர்! ஸ்டாண்டில் எல்லோரும் கட்டிவிடச் சொன்னார்கள். நான் கோர்ட் வாசலில் இருக்கும் வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். ஆள் கெட்டி. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யைப் பிரித்துக் காட்டினார்: சாலையில் வேகத்தை அளக்கும் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். சான்றிதழைக் கேட்டு மனு போட்டார். அதைக் காட்ட ஆளில்லை, வழக்கு தள்ளுபடி. ஃபீஸ் அபராதத்தைவிட அதிகம்தான், போன சவாரி தனி நஷ்டம். குமாஸ்தா போனே எடுக்க மாட்டார், அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன். சலான் பிரிண்டோடு காலை பத்துக்கு முன்னால் நேரிலேயே போய்விடுங்கள்.