மதுரைச் சாலைகளில் வெளி அலாய் வீல்: மாட்டி மூன்று வருஷம் ஓடிய பிறகு தெரிவது

கம்பெனி கொடுத்ததை மாற்றி வெளிக்கடையில் வாங்கும் அலாய் (அலுமினியக் கலவை) வீலைப் பற்றி, மாட்டிய முதல் மாதத்தில் சொல்லப்படும் கருத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம். மாட்டிய அன்றைக்கு எல்லா வீலும் அழகுதான். இரண்டு ஐப்பசி மழை, இரண்டு அக்னி நட்சத்திரம், ஒன்றிரண்டு ராமேஸ்வரம் பயணம், மாதம் தவறாமல் திண்டுக்கல், திருநெல்வேலி என்று ஓட்டிவிட்டு, வீலைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வாங்கும்போது எதில் மிச்சம் பிடித்தோம் என்பது அங்கேதான் தெரியும்.

கீழே சொல்வதெல்லாம் மாருதி ஸ்விஃப்ட்டை மனதில் வைத்து. நான்கு நட்டு, 4×100 பிசிடி (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), வீலின் நடு ஓட்டை உட்காரும் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. பலேனோ, ஐ20 வைத்திருப்பவர்களுக்கும் இந்த இரண்டு எண்ணும் அப்படியே பொருந்தும். நட்டு மரை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், அது பின்னால் வருகிறது.

முதலில் இன்ச் ஆசை. ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டில் 165/80 ஆர்14 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்), மொத்த உயரம் 619.6 மி.மீ. மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15, அது 621.5. வெளியே 16 இன்ச்சுக்குப் போனால் 195/55 ஆர்16, 620.9. 17-க்கு 205/45, 616.3. நான்கும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் வந்துவிடுவதால் ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. கடையில் இந்தக் கணக்கைக் காட்டி, "சைஸ் கரெக்டா உக்காருதுண்ணே, தைரியமா போடுங்க" என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம் மட்டும் பெருத்தால், அந்தப் பெருக்கம் ரப்பரைத் தின்றுதான் வரும். ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் ரப்பர் சுவரின் உயரத்தைப் பாருங்கள்: 14-ல் 132 மி.மீ., 15-ல் 120, 16-ல் 107, 17-ல் 92.

இந்த ஊரில் அந்த மில்லிமீட்டர்தான் பேசும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மண்ணள்ளிப் போட்டு மூடிய குறுக்குப் பள்ளம் இல்லாத தெரு இங்கே குறைவு. மழை பெய்ததும் அந்த மண் இறங்கும். தாரின் ஓரம் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், மேலே தண்ணீர் தேங்கிப் பள்ளத்தை மறைத்துவிடும். 40-ல் போய் அதில் இறங்கினால், தார் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே டயர் நசுங்குகிறது. ரப்பர் உயரம் இருந்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் அடி நேராக அலுமினியத்தில் விழும். பெரும்பாலும் நெளிவது உள்பக்க உதடு. வெளி உதட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்போக்குகள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. உள் உதடு ஒரு வாளியின் வாய் மாதிரி, தாங்க ஆளில்லாமல் நிற்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் வீல் பளபளவென்று இருக்கும், நூறு கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறும்.

என் தீர்ப்பு: மதுரையில் ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு 15 இன்ச், 185/65 போதும். கம்பெனியே மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் அளவு என்பதால் வாரண்டியிலும் பேச்சு எழ வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் நாலுவழிச் சாலையில் ஓடுகிறவர் 16 வரை போகலாம். காற்றழுத்தத்தை மறக்காதவராக இருக்க வேண்டும். ஆனால் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் 7.3 கிலோமீட்டரிலும் ஒவ்வொரு இணைப்பும் இடுப்பில் தெரியும். 17 போட்டு மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளை அடிக்காத வேகத்தடைகளில் இரவில் ஓட்டுவது வீண்வேலை.

இன்ச்சுக்கு அடுத்தது அகலமும் ஆஃப்செட்டும். மோசமான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுவது இங்கேதான், ஏனென்றால் வீல் மட்கார்டை விட்டுச் சற்று வெளியே நின்றால் வண்டி மிடுக்காகத் தெரியும். வீலின் உள்பக்கம் அகலமும் (ஜே-க்கு முன்னால் உள்ள இன்ச் எண்) ஈடி எண்ணும் (ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது) பொறித்திருக்கும். பழைய வீலில் 5.5ஜே, ஈடி45 என்றும் கடைக்காரர் நீட்டும் வீலில் 7ஜே, ஈடி35 என்றும் இருப்பதாக வையுங்கள். அகலத்தை மி.மீ.க்கு மாற்றிப் பாதியாக்கி, ஈடியைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளி ஓரம் வரை உள்ள தூரம்; கூட்டினால் உள் ஓரம். பழையது வெளியே 24.9, உள்ளே 114.9. புதியது வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது வீல் வெளியே 29 மி.மீ. நீள்கிறது, உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கமும் 9 மி.மீ. நெருங்குகிறது.

தனியாக ஓட்டும்வரை இது தெரியாது. ஐந்து பேர், டிக்கியில் மூட்டை என்று குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் டயர் மட்கார்டு மடிப்பில் உரசி 'கிர்ர்' என்னும். நாள்பட்டால் டயரின் தோளில் வட்டமாகக் கீறல் விழும். வீல் பேரிங் மீது நெம்புவிசை கூடுகிறது, அது சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும். ஒரு பக்க டயர் மட்டும் தண்ணீரில் இறங்கினால் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கும். டயர் உடம்புக்கு வெளியே நிற்கும் வண்டியைச் சோதனையில் நிறுத்தினால் வாதாட இடமும் இல்லை. 6ஜே, ஈடி40 எடுத்தால் இதே கணக்கில் வெளியே 11 மி.மீ., உள்ளே ஒன்றரைக்கும் குறைவு. அதற்குள் நின்றுகொள்வது நல்லது. மாட்டியதும் கடை வாசலிலேயே ஆட்களை ஏற்றி உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இனி, யாரும் கேட்காத சின்னப் பொருள்: ஹப் ரிங். வெளி வீல்களைப் பல வண்டிக்கும் பொதுவாக வார்ப்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக, பல மாடல்களில் 73.1 மி.மீ. என்று விட்டுவிடுகிறார்கள். ஹப் 54.1. நடுவே ஆரத்துக்கு ஒன்பதரை மி.மீ. இடைவெளி. அதை நிரப்பும் வளையம் இல்லையென்றால் வீலை மையத்தில் நிறுத்துவது நான்கு நட்டுகளின் கூம்பு மட்டுமே. ஜாக்கியில் தொங்கும் வீலில் முதல் நட்டை ஏர் கன் வைத்து முறுக்கிவிட்டால், வீல் ஒரு மயிரிழை கீழே இறங்கியபடியே இறுகிவிடும். அப்புறம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் நடுக்கம். பேலன்சிங் கடைக்குப் போனால் மெஷின் 'சுழி' காட்டும், ஏனென்றால் மெஷினின் கூம்பு வீலைச் சரியாக மையப்படுத்திவிடுகிறது. தவறு வண்டியின் ஹப்பில் இருக்கிறது. மூன்று கடை ஏறி மூன்று தடவை ஈயம் ஒட்டியும் நடுக்கம் போகவில்லை என்றால் வீலைக் கழற்றி ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் மாற்றும்போதோ ரொட்டேஷன் செய்யும்போதோ ரிங் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதும், கடைத் தரையில் உருண்டு போவதும் சகஜம்.

நான்கு ரிங்குக்குச் சில நூறு ரூபாய்தான். பிளாஸ்டிக், அலுமினியம் என்று இரண்டு வகை. ஊருக்குள் ஓட்ட பிளாஸ்டிக் போதும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கோ, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலோ பிரேக்கை மிதித்தே இறங்குகிறவர்களுக்கு ஹப் சூட்டில் பிளாஸ்டிக் முறுகி, இரண்டாம் வருஷம் கழற்றும்போது அப்பளமாக நொறுங்கும். அலுமினியம் அப்படிப் போகாது. ஆனால் இரும்பு ஹப்பின் துருவோடு பிணைந்து கழற்ற வராது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டை நகக்கண் அளவு தடவி மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. பேஸ்ட், ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) மரையிலோ நட்டு உட்காரும் கூம்பிலோ படக்கூடாது. லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதாக இருந்தால் துருவைத் தேய்த்த பிறகு வெர்னியரில் அளந்து கொடுங்கள். துருவோடு அளந்த அளவுக்குக் கடைந்த ரிங் லொடலொடவென்று ஆடும்.

நட்டுக்கு வருவோம். சுசூகியில் எம்12×1.25 மரை (தடிமன் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ.), ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் எம்12×1.5. ஒன்றின் நட்டை மற்றதன் ஸ்டட்டில் போட்டாலும் கையால் ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று கன் வைத்தால் ஸ்டட் மரை போச்சு. வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு இருக்கை. ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம் கொண்டது, அதை இதில் போட்டால் ஒரு கோட்டில்தான் தொடும், ஓட ஓடத் தளரும். 1.25 மரையில் நட்டு குறைந்தது பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். அலாயின் நடுத்தட்டு தடிமனாக இருந்து ஆறேழு சுற்றிலேயே நின்றால் அந்த வீல் அந்த வண்டிக்கு ஆகாது.

நான்கையும் கையால் ஏற்றி, எதிரெதிராக லேசாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். எம்12 நட்டுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் கூம்பில் நசுங்கிப் பிடி தளர்வது இந்த நாட்களில்தான்.

வாங்கும்போது வீலின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும். பின்பக்கத்தைப் பத்து நிமிஷம் பாருங்கள். ஐஎஸ் 16192 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை, ஜப்பான் தரமானால் ஜேடபிள்யூஎல், விஐஏ எழுத்துகள், தாங்கும் எடை, இவை அச்சில் வார்த்தே இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் ஒட்டியது கணக்கில் சேராது. தாங்கும் எடை, வண்டியின் கனமான ஆக்ஸில் எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. டயரிலும் லோடு எண்ணைப் பாருங்கள்: 88 என்றால் 560 கிலோ, 87 என்றால் 545. பின்பக்கத்தில் குண்டூசித் துளைகள், ஸ்போக் வேரில் வார்ப்புக் கோடு தெரிந்தால் வேண்டாம். முடிந்தால் தராசில் வையுங்கள். அலாய் என்றாலே லேசு என்ற நம்பிக்கை அங்கே பல தடவை உடையும். மலிவான 16 இன்ச் வார்ப்பு, கழற்றிய 14 இன்ச் இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாக இருக்கும். அந்தக் கனம் பிக்கப்பிலும் மைலேஜிலும் தெரியும்.

பளபளப்பில் டைமண்ட் கட் வேண்டாம் என்பேன். கடைந்த முகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத லேக்கர் பூச்சுதான் ஒரே காப்பு. ஒரு கல் தெறித்தால் அதன் அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு பரவும், திரும்பப் பூச இங்கே சரியான ஆள் கிடைப்பது கஷ்டம். முழுக்கப் பெயின்ட் அடித்த சில்வரோ கன்மெட்டலோ மூன்று வருஷமும் தாக்குப்பிடிக்கும். வாட்டர் வாஷில் ஆசிட் கலந்த திரவத்தை வீலில் அடிக்க விடாதீர்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புத் திட்டு படியும், உடனே துணியால் துடைக்க வேண்டும். ராமேஸ்வரம் போய் வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் உள்பக்கமும் கழுவ வேண்டும்.

வாரத்துக்கு மூன்று, நான்கு பிஎஸ்ஐ இறங்குகிறது, பஞ்சர் இல்லை என்றால் முதலில் வால்வு, அடுத்து டயர் உட்காரும் விளிம்பு. சோப்புத் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். நெளிந்த வீலை கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சித் தட்டித் தருகிறார்கள். வட்டம் திரும்பிவிடும், பலம் திரும்பாது. வார்ப்புக்குப் பிறகு செய்த வெப்பப் பதம் அந்தச் சூட்டிலேயே போய்விடுகிறது. அப்படித் தட்டியதைப் பின்னால் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். நான் ஸ்டெப்னியாகக்கூட வைக்கமாட்டேன். விரிசல் விழுந்தால் வெல்டிங் பேச்சே கூடாது. காயலாங்கடைதான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் வீலைத் துணைப்பொருளாகச் சேர்க்கச் சொல்லிப் பில்லைக் கொடுத்துவிடுங்கள். சேர்க்காத வீலுக்கு விபத்தில் பணம் கிடைப்பது கடினம்.

ஸ்டெப்னியாகப் பழைய 165/80 ஆர்14 இரும்பு டிஸ்க் ஒன்று இருக்கட்டும், உயர வித்தியாசம் இரண்டு மி.மீ.தான். கூடவே பழைய நட்டு நான்கையும் ஒரு துணியில் முடிந்து டிக்கியில் போடுங்கள். அலாய்க்கு வந்த மூடிய தலை நட்டை மெல்லிய இரும்பு டிஸ்க்கில் முறுக்கினால், ஸ்டட் நுனி உள்ளே முட்டி, நட்டு இறுகியதுபோல் நிற்கும், டிஸ்க் ஆடும். பல் வைத்த திருட்டுத் தடுப்பு நட்டாக இருந்தால் அதன் சாவியும் வண்டியிலேயே கிடக்க வேண்டும். கொட்டாம்பட்டி பஞ்சர் கடையில் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சாவி கிடைக்காது.