பழைய காருக்கு எந்தப் பூட்டு? கியர் லாக், மறைவு ஸ்விட்ச், ஜி.பி.எஸ்: எது காசுக்குத் தகும்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் குறைவு. பெரும்பாலான கார்கள் ராத்திரி முழுக்கத் தெருவில்தான் நிற்கின்றன. புதிய கார்களில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அது பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், பழைய சான்ட்ரோ, அம்பாசடர் வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்தக் காவல் கிடையாது. பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால், வண்டி திருடு போனால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது. ஆகவே பூட்டுக்குப் போடும் காசை யோசித்துப் போட வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தரையோடு போல்ட் போட்ட நல்ல கியர் லாக் ஒன்று, எஞ்சினை ஓடவிடாமல் செய்யும், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின் ஸ்விட்ச்) வைத்த மறைவு ஸ்விட்ச் ஒன்று. இவை இரண்டும் முதல் செலவு. ஜி.பி.எஸ் அதற்குப் பிறகு. சத்தம் போடும் அலாரம் கடைசி.

அதற்கும் முன்னால், வண்டியோடு வந்த பூட்டுகளைப் பாருங்கள். பதினைந்து இருபது வருஷம் சாவி போட்டுத் திருப்பிய பூட்டின் உள்தகடுகள் தேய்ந்திருக்கும். கதவைத் திறக்க அதே சாவிதான் வேண்டும் என்பதில்லை, ஏறக்குறைய அதே வடிவச் சாவி எதுவும் போதும். இக்னிஷன் ஓடும்போதே சாவியை உருவ முடிகிறது என்றால் அந்தப் பூட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. இக்னிஷன், இரண்டு கதவு, டிக்கி எல்லாம் சேர்ந்த லாக் செட்டாகவே மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மேலே எதை மாட்டினாலும் பாதி வீண்.

கியர் லாக்கில் பார்க்க வேண்டியது பெட்டியில் அச்சிட்ட பெயரை அல்ல, அது எதில் மாட்டப்படுகிறது என்பதை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு தாங்கி வரும். ரிவர்ஸில் போட்டு, கம்பியைப் பூட்டோடு பிணைக்க வேண்டும். தாங்கியை இறுக்கும் போல்ட்டுகள், முழு இறுக்கம் வந்ததும் தலை முறிந்து போகும் வகையாக இருக்க வேண்டும். முறிந்த பிறகு ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. சில கடைகளில் நேரம் மிச்சம் பிடிக்க அந்த போல்ட்டை விட்டுவிட்டுச் சாதாரண தகட்டு ஸ்க்ரூவைப் போட்டு மூடிவிடுவார்கள். கன்சோல் மூடியை மாட்டுவதற்கு முன்னால் நீங்களே குனிந்து பாருங்கள்.

அடுத்தது தரை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருக்களில் நின்ற வண்டிகளில், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் தகடு துரு தின்றிருக்கும். துளை போடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் முதலில் வெல்டிங், பிறகுதான் பூட்டு. நல்ல தகடாக இருந்தாலும் கீழ்ப்பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வைத்து அதன் மேல் நட்டு இறுக்குவது நல்லது. வெறும் பாடித் தகட்டில் நிற்கும் போல்ட்டை நீளக் கம்பியால் நெம்பினால் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும். டிரில் போடும்போது ஒரு கவனம்: அந்த இடத்துக்கு அடியில்தான் பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிளும் சைலன்சர் குழாயும் போகும். வண்டியைத் தூக்கி அடியைப் பார்க்காமல் துளை போடுபவரிடம் வேலை கொடுக்காதீர்கள். துளையின் ஓரத்துக்கு ரெட் ஆக்ஸைடு பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுத் துரு அங்கிருந்தே தொடங்கும்.

பழைய வண்டியில் கியர் கம்பியின் புஷ் (கம்பியைப் பிடித்து நிற்கும் சிறு வளையம்) தேய்ந்து ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தோடு பூட்டைப் பொருத்தினால் இன்று சேரும், ஆறு மாதம் கழித்துச் சேராது. புஷ்ஷை மாற்றிவிட்டுப் பூட்டு மாட்டுங்கள். பூட்டில் எண்ணெய் விடவே கூடாது. தூசியோடு சேர்ந்து பசையாகிச் சாவி சிக்கும். பென்சில் கரி போன்ற கிராஃபைட் பவுடர்தான் சரி. சாவி இரண்டு பக்கமும் குழிக்குழியாக உள்ள வகையாக இருக்கட்டும், அதைத் தெருமுனையில் நகல் எடுப்பது கடினம். கூட வரும், சாவி எண் உள்ள கோடு (code) அட்டையை டாஷ்போர்டில் போடாமல் வீட்டில் வையுங்கள்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கியர் லாக் சக்கரத்தை நேரடியாகப் பூட்டுவதில்லை. மாருதி 800, சான்ட்ரோ போன்ற முன்சக்கர இழுவை வண்டியை முன்பக்கம் தூக்கிக் கட்டி இழுத்தால் பின்சக்கரங்கள் தாராளமாக உருளும். அவற்றைப் பிடிப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. கேபிள் நீண்டுபோய், கம்பியை மேலே வரை இழுத்தும் பிடிக்காத ஹேண்ட் பிரேக்கோடு கியர் லாக் வாங்குவதில் அர்த்தமில்லை. ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி உள்ள பழைய அம்பாசடருக்கு இந்த வகை பொருந்தாது. அதற்கு ஸ்டீரிங்கையும் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கம்பிதான்.

ஸ்டீரிங் வட்டத்துக்குக் குறுக்கே மாட்டும் மஞ்சள் கம்பி மலிவு. ஆனால் வட்டத்தையே அறுத்துவிட்டால் கம்பி கழன்று வரும். வெளியிலிருந்து பார்ப்பவனைத் தயங்க வைக்கும், அவ்வளவுதான் அதன் பயன்.

மறைவு ஸ்விட்ச்தான் எங்களுக்கு மிகப் பிடித்தது. செலவு சில நூறு ரூபாய், பலன் பெரிது. ஆனால் இதைத் தப்பாகச் செய்பவர்களே அதிகம். பெட்ரோல் பம்ப் வயரை அறுத்து நேராக ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச்சில் மாட்டிவிடுவார்கள். பம்ப் இழுக்கும் பல ஆம்பியர் கரண்ட் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகவே போக, உள்ளே முனை கருகும், வோல்டேஜ் குறையும், வண்டி ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், ஃபில்டரை மாற்றுவார், கோளாறு அங்கே இருக்காது.

சரியான முறை இது. 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு பின் ரிலே. பம்ப் வயரை வெட்டி, சப்ளை வரும் பக்கத்தை ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னிலும் பம்புக்குப் போகும் பக்கத்தை 87-ம் எண் பின்னிலும் கொடுங்கள். 85 பாடி எர்த். இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயரிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பிறகு மறைவு ஸ்விட்ச், அங்கிருந்து 86. ரிலே சுருள் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான், எவ்வளவு சின்ன ஸ்விட்ச்சும் தாங்கும். பம்ப் பக்கம் 2.5 சதுர மி.மீ. வயர், ஸ்விட்ச் பக்கம் 0.75 போதும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றக் கூடாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்றில் செம்புக் கம்பியில் களிம்பு ஏறிவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ரிலேயைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல் டாஷ்போர்டுக்குள் உயரமாக, பின்கள் கீழ் நோக்கி இருக்கும்படி வையுங்கள். முழங்கால் தண்ணீர் ஏறினாலும் தப்பும்.

வண்டியின் வகை முக்கியம். எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் பம்ப் நின்றால், லைனில் மிச்சமுள்ள அழுத்தத்தில் சில விநாடி ஓடி அணையும். கார்புரேட்டர் வண்டியில் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலே தெருமுனையைத் தாண்டக் கொண்டுபோகும். 2000-க்கு முந்தைய மாருதி 800 பலவும் இந்த வகை. அதில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் பாசிட்டிவ் வயரை இதே ரிலேயால் துண்டியுங்கள். எல்.பி.ஜி. மாற்றிய வண்டியில் பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் காஸில் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள், காஸைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் வயரும் துண்டிக்கப்பட வேண்டும். ஸ்விட்ச்சை ஸ்டீரிங்குக்கு அடியில் வைக்காதீர்கள், எல்லோரும் முதலில் தடவுவது அங்கேதான்.

ஜி.பி.எஸ் திருட்டைத் தடுக்காது, போன வண்டியைத் தேட உதவும். அந்த எண்ணத்தோடு வாங்கினால் ஏமாற்றமில்லை. வாங்கும்போது 2ஜி கருவியா 4ஜி கருவியா என்று கேளுங்கள். ஜியோவில் 2ஜி சேவையே இல்லாததால் 2ஜி கருவியில் அந்த சிம் வேலை செய்யாது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும் வண்டி என்றால் பேட்டரிக் கணக்கைப் பாருங்கள்: கருவி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் ஹவர், 30 நாளில் 14.4. பழைய 35 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது பெரிய சுமை. நிற்கும்போது தூங்கும் வசதி உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். வண்டி குறித்த தூரம் தாண்டினால் போனுக்கு வரும் எல்லை எச்சரிக்கையை 50 மீட்டரில் வைத்தால் நெருங்கிய கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் தாவித் தாவி ராத்திரியெல்லாம் போன் அலறும். 200 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் வசதியுள்ள கருவிக்கு 5 பின் ரிலேயில் 30-87ஏ (ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோதும் இணைந்தே இருக்கும் பின்கள்) வழியாக இணைப்பு கொடுப்பார்கள். கருவி செத்தாலும் வண்டி ஓடும் என்பதால் அது சரிதான். ஆனால் ஓடும் வண்டியை அப்படி நிறுத்தினால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் கைவிடும், ரோட்டில் போகும் மற்றவர்கள் மேல் மோதும். வண்டி நின்றது உறுதியான பிறகே அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.

அதிர்வு அலாரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அதிர வைக்கும் சாலையோரம் அது வேளை கெட்ட வேளையில் கத்தும். நாலு நாளில் தெருவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகன ஆராய்ச்சி நிறுவனம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்பது பழைய மோட்டார் டாரிஃப் விதியாக இருந்தது; இப்போது உங்கள் கம்பெனி தருகிறதா என்று கேளுங்கள். பில்லில் அங்கீகார விவரம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். திருட்டு கிளெய்மில் எஃப்.ஐ.ஆரோடு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். லாக் செட் மாற்றியிருந்தால் அந்த பில்லும் பழைய சாவிகளும் சேர்ந்தே ஃபைலில் இருக்கட்டும்.